எந்த நோயும் இல்லாத படம்

தாள் காய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அதைத் தொடக்கூடாது. இது யாரும் அச்சடித்து ஒட்டிய விதியல்ல, தண்ணீரே இட்ட விதி, மீறினால் தண்டனையையும் தண்ணீரே தந்துவிடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி, அம்சவேணி சாப்பாட்டு மேசையின் முன் நின்றாள். மணி பத்து இருபது. பதினொன்றரைக்கு ரெஜினா காரோடு வந்துவிடுவாள். மேசைமேல் பலகை, பலகைமேல் நான்கு ஓரங்களிலும் பசைநாடாவால் இழுத்து ஒட்டிய கனத்த பருத்தித் தாள், தாள்மேல் இன்னும் எங்கே போவதென்று முடிவு செய்யாத வண்ணம். இடது மூலையில் ஊற்றிய நீலம் பாதித் தாளைக் கடந்து ரோஜாவுக்குள் நுழைந்து, நுழைந்த இடத்தில் இரண்டும் தம் பெயரை மறந்து, கத்தரிப்பூவும் அல்லாத புகையும் அல்லாத ஒன்றாகி, மஞ்சளின் ஓரத்தில் வந்து தயங்கி நின்றன. அதன்மேல் ஏழெட்டுக் கல்லுப்பு. உப்பு ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய இடத்தில் வெள்ளையாக மலரும், எத்தனை இதழ் என்பது உப்புக்கே தெரியாது. எல்லாம் நல்ல தண்ணீர், சிறுவாணித் தண்ணீர். அது குழாயில் வராத நாளில் அவள் தூரிகையைத் தொடுவதில்லை, ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்தால் தாளில் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளிறிவிடும். வாங்கிவந்த ஐந்து தாள்களில் இது ஐந்தாவது. முதல் தாளில் கை பழகினாள். அடுத்த மூன்றும் நோயில் போயின. அப்படித்தான் சொல்லவேண்டும், வேறு சொல் இல்லை.

ரெஜினா நடத்தும் நீர்வண்ண வகுப்பில் அவளையும் சேர்த்து ஆறு பெண்கள். நகர நூலகத்தின் மாடியில் பத்து நாள் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம், ஆளுக்கு ஓர் ஆணி. அம்சவேணியின் ஆணிக்கு என்ன தொங்கவிடுவது என்பதில் ரெஜினாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. "உங்க வெண்டை இலைப் படத்தைக் குடுத்துருங்கக்கா. வர்றவங்க அதும் முன்னாடிதான் நிப்பாங்க, எங்களையெல்லாம் யாரு பாக்கப் போறாங்க" என்றாள். மற்றப் பெண்களும் ஆமாம் என்றார்கள். அவர்கள் பாராட்டாகத்தான் சொன்னார்கள். வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பயிர் நோய்ப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு ஓவியராக இருந்து ஓய்வு பெற்றவளிடம் வேறென்ன கேட்பார்கள். அன்று அவள் வாயிலிருந்து வந்த பதில்தான் இப்போது மேசைமேல் ஈரமாகக் கிடக்கிறது. "இலை வேண்டாம். எதையும் போல இல்லாத ஒரு படம் தர்றேன்." ஐந்து பேர் கேட்டார்கள். சொல்லி முடித்த நொடியில் அதிகப்படியாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. ஆனால் கீழே விழுந்த சொல்லைக் குனிந்து பொறுக்குகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆயினும் வெண்டை இலைப் படம் பழுப்புத் தாளில் சுற்றப்பட்டு வாசற்கதவருகே சுவரில் சாய்ந்திருந்தது. அதைச் சுற்றி வைத்தவளும் அவள்தான், நேற்று, யாரும் பார்க்காதபோது.

செங்கோடன் சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரிவின் தலைவராக இருந்தவர், இரண்டு தெரு தள்ளி வீடு, காலை நடை முடிந்து காபிக்கு வருவார். முதல் படத்தைப் பார்த்தபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், அது மட்டுமே போதுமான கெட்ட சகுனம். "நிலக்கடலை டிக்கா இலைப்புள்ளி. பிந்தைய பருவம். ஏம்மா, ரிட்டையர் ஆகியுமா சும்மா இருக்க மாட்டேங்கறே?" டிக்கா இல்லை சார், இது சும்மா வண்ணம், என் மனசுல தோணுனது, என்று சொன்னாள். அவர் அந்தப் பதிலை ஒரு நிமிடம் கௌரவமாகப் பரிசீலித்தார். "மனசுல தோணுனதா இருந்தாலும் டிக்காதாம்மா. பொட்டு கருப்பு, சுத்தி மஞ்ச வளையம். வேற எதுக்கு இருக்குது இந்த லட்சணம்?" இரண்டாவது படத்தில் பொட்டே வைக்கவில்லை, பச்சையில் மஞ்சளை மட்டும் ஓடவிட்டாள், அது ஓடிய வழியெல்லாம் கிளை பிரிந்தது, அவர் வெண்டை நரம்புத் தேமல் என்றார், வெள்ளை ஈயை முதலில் ஒழி என்றார். மூன்றாவதில் வளைவே கூடாது என்று தீர்மானித்து, நெடுக்காகச் சிவப்புப் பட்டைகள், குறுக்கே அங்கங்கே தாளின் வெள்ளை. வெகுநேரம் பார்த்தார். அவளுக்கு நம்பிக்கை வந்தது. "கரும்பைப் பொளந்து வச்ச மாதிரியே இருக்குது. செவ்வழுகல். குறுக்க வெள்ளைத் திட்டு வரோணும் பாரு, அதைத்தான் நெறையப் பேரு விட்டுருவாங்க. நீ விடலே." கண் நிறைந்த மகிழ்ச்சியோடு சொன்னார், விதைக்கரணையை வெந்நீரில் நேர்த்தி செய்து நடச் சொன்னார், காபியைக் குடித்துவிட்டுப் போனார். கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பாராட்டை என்ன செய்வது.

குற்றம் கையில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று தாள் ஆயிற்று. வண்ணத்தை வைத்தவுடன் கை தானாகவே தூரிகையைக் கழுவும், துணியில் ஒற்றும், ஈரம் குறைந்த நுனியால் வண்ணத்தின் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுக்கும். மையம் அடர்ந்து, ஓரம் வெளிறி, வளையம் விழும். கேட்டுச் செய்வதில்லை. உறங்குகிறவன் கொசுவை அடிப்பதைப்போலச் செய்யும். முப்பத்தொரு ஆண்டில் எத்தனை பொட்டு, எத்தனை வளையம். தட்டில் ஈரப் பஞ்சின்மேல் கிடக்கிற இலை இரண்டு மணி நேரத்தில் சுருண்டுவிடும், அதற்குள் கை முடித்தாக வேண்டும், மனம் குறுக்கே வந்தால் தாமதம் என்பதால் மனத்தை வெளியே நிறுத்திப் பழக்கியதுதான் அந்தக் கை. பார்த்ததை வரை, நினைத்ததை வரையாதே. வேலையில் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லப்பட்ட வாசகம் அது, அவள் அதை வேதமாகவே கொண்டாள், கொண்டதில் வெட்கமும் இல்லை, அந்தப் படங்களை வைத்து மாவட்டம் மாவட்டமாக விவசாயிகள் பயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் இந்த வயதில், இனி நினைத்ததை வரையலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டு உள்ளே கேட்டுப் பார்த்தால், உள்ளேயிருந்து பதில் இல்லை. ஆள் இல்லையா, இருந்தும் கதவைத் திறக்கவில்லையா. உள்ளே நிலக்கடலையும் வெண்டையும் கரும்பும் மட்டுமே இருந்தால் என்ன செய்வது என்பதுதான் கடந்த மூன்று வாரமாக அவளுடைய பயம், நெற்றிப்பொட்டில் ஈ உட்கார்ந்ததைப்போலச் சிறிய, விரட்டினாலும் அதே இடத்துக்கு வருகிற பயம்.

இல்லை, ஒன்று இருந்தது. பிரிவின் மூலையில் இருந்த வெள்ளைப் பீங்கான் தொட்டி. மாலை நாலரைக்குத் தூரிகைகளை அங்கே கழுவுவாள். கழுவும்போது நீரில் இறங்கும் வண்ணம், பச்சை முதலில் நூலாக, பிறகு திரையாக, அதன் குறுக்கே துருநோயின் காவி, இரண்டும் சுழன்று வடிகாலின் வாயருகே ஒரு கணம் ஏதோ ஒன்றாக ஆகி, ஆனதுமே போய்விடும். அது என்னவென்று அவள் யாரிடமும் கேட்டதில்லை, யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, யாரும் அதற்கு மருந்தும் சொல்லவில்லை. அதைப் பார்ப்பதற்காகவே சுத்தமாகிவிட்ட தூரிகையை இன்னொரு முறை வண்ணத்தில் தோய்த்துக் கழுவிய நாட்கள் உண்டு. அரசாங்க வண்ணம். முப்பத்தொரு ஆண்டுப் பணியில் அவள் செய்த ஒரே முறைகேடு அதுதான், அதை இப்போது நினைத்தால் வருத்தம் வரவில்லை, சிரிப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம் என்றும் தோன்றியது.

"என்ன தனியா நின்னு சிரிக்கறே?" என்று கேட்டுக்கொண்டே தங்கவேலு வந்தார். பம்புசெட்டுக் கம்பெனியில் மோட்டார்களைத் தண்ணீரில் ஓடவிட்டுச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டிய மனைவி தண்ணீரோடு மல்லுக்கு நிற்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு தொழில்முறை ஆர்வம் இருந்தது. குனிந்து பார்த்தார். "உப்பு போட்டாச்சு. புளி எப்ப?"

"தொடாதீங்க."

"நான் எங்க தொட்டேன். மூச்சுதான் உட்டேன்."

"அதையும் அந்தப் பக்கம் திரும்பி உடுங்க."

திரும்பி நின்று மூச்சை விட்டார். "நாப்பது வருசம் தண்ணிய மேல ஏத்தி உட்டேன், நீ என்னடான்னா படுக்க வச்சுட்டே. சரி, சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிச்சுத் தரட்டுமான்னு கேக்கலாம்னு நெனச்சேன்."

"நெனச்சதோட நின்னுட்டீங்களா?"

"நெனச்சேன்னு சொல்லத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை நோக்கிப் போய்விட்டார்.

வெங்காயம் நல்ல யோசனை. கைக்கு வேலை கொடுத்தால் கை வம்புக்குப் போகாது. தாள் கைக்கெட்டாத தூரத்து நாற்காலியில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள். சருகு நீங்கி வெளிப்படும் ரோஜா, அதன் கீழே வெள்ளை, வெள்ளையில் ஓடும் ஊதா வரி, இதையும் எங்கேனும் யாராவது ஊதாக் கருகல் என்று சொல்லிவிடுவார்கள், ஊதாக் கருகல் உண்மையிலேயே வெங்காயத்துக்கு வரும் நோய்தான், அவளே வரைந்திருக்கிறாள், நிலையத்தின் நோய்ப்படங்களில் பன்னிரண்டாம் எண், வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. கண் எரிந்தது. எரிகிற கண்ணுக்கு மேசைமேல் இருந்த வண்ணம் இன்னும் அழகாகக் கலங்கித் தெரிந்தது. இன்று வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தாள், தலையில் சுற்றிய துண்டு கனத்தது, உடம்பு பஞ்சாக இருந்தது, இந்தச் சுகத்தில் நல்லது நடக்குமென்று காரணமில்லாமல் பட்டது. காரணமில்லாமல் படுவதை அவள் பொதுவாக மதிப்பதில்லை, இன்றைக்கு விட்டுக்கொடுத்தாள். மணி பத்து ஐம்பது. பளபளப்பு போகிற நேரம். நீர்வண்ணத்தில் அதுதான் ஆபத்தான வேளை: முழு ஈரமும் மன்னிக்கும், முழு உலர்வும் மன்னிக்கும், பளபளப்பு போய் ஈரம் போகாத அந்தப் பத்து நிமிடம் எதையும் மன்னிக்காது. போய்விட்டதா என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சன்னல் வெளிச்சத்துக்கு எதிராக, கண்ணைத் தாளின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். முறத்தை வைத்தாள். வெங்காயக் கையைச் சேலையில் துடைத்தாள். மேசையருகே போய்க் குனிந்தாள். பாதி இடத்தில் மினுக்கம் அடங்கி, பாதி இடத்தில் இன்னும் வானம் கிடந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தாள். துண்டின் முடிச்சு நெகிழ்ந்து, காதோரம் ஒரு கற்றை நழுவி இறங்கி, அதன் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டு, ரோஜாவும் நீலமும் தம் பெயரை மறந்த அந்த இடத்தில், சரியாக அதன் நடுவில் விழுந்தது.

நிமிர்ந்து பின்வாங்கித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டதில் எல்லாம் ஓர் ஒழுங்கு இருந்தது, உள்ளேதான் ஒழுங்கு இல்லை. எண்ணெய், சீயக்காய், ஆழ்துளைக் கிணற்று உப்பு. குளியலறைக்குச் சிறுவாணி வருவதில்லை. மூன்றும் சேர்ந்த சொட்டு, எந்தக் கடையிலும் விற்காத சரக்கு, ஐந்தாவது தாளில். பொட்டு. நடுவில் பொட்டு. டிக்கா. செங்கோடன் சார் கண்ணாடி துடைக்கிறார். பழுப்புத் தாளில் வெண்டை இலை தயாராகக் காத்திருக்கிறது, அதைத்தான் எடுத்துப்போகப் போகிறார்கள், நல்லது, அதில் பிழையே இல்லை, அதன்முன் எல்லாரும் நிற்பார்கள், நின்று எவ்வளவு தத்ரூபம் என்பார்கள். இதையெல்லாம் மனம் சொல்லிக்கொண்டிருந்தபோதே கை ஆறாம் எண் தூரிகையை எடுத்து, கழுவி, துணியில் ஒற்றி, நுனியைக் கூராக்கி, தாளின் மேலே கொண்டுபோயிருந்தது. திருத்திவிடலாம். வழி தெரியும். காய்ந்த நுனியால் சொட்டை உறிஞ்சி, ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுத்தால் விழுந்த தடமே தெரியாது. ஒரு சுற்று. அந்தச் சொல்லில் தூரிகை தாளுக்கு ஒரு நூல் உயரத்தில் நின்றது. எந்தச் சுற்று? எப்போதும் சுற்றுகிற அதே சுற்று. அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள், வளையம் போடுவதற்கென்று அது ஏற்கெனவே லேசாகச் சாய்ந்திருந்தது, கெட்டிக்கார வேலைக்காரியைப்போல உத்தரவுக்கு முன்பே.

அதற்குக் கீழே சொட்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவிலிருந்த வண்ணத்தையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளியது. தள்ளத் தள்ள நடு வெளுத்தது, ஓரம் கறுத்தது, கறுத்த ஓரமும் வட்டமாக இல்லை, கோணலும் குழைவுமாக, ஓரிடத்தில் பின்னல்போல நுணுகி, ஓரிடத்தில் முறிந்து, இன்னோரிடத்தில் உப்பின் வெள்ளையைத் தொட்டு அதனோடு சேர்ந்து நீலத்துக்குள் ஊடுருவிப் போயிற்று. அம்சவேணி பார்த்தாள். முப்பத்தொரு ஆண்டு பார்த்த கண்; அது பொய் சொல்லாது. நடு இருண்டு ஓரம் வெளிறுவதுதான் அவள் கை போடும் நோய். இது நடு வெளிறி ஓரம் இருள்கிறது. நடு வெளிறுகிற பூஞ்சையும் உண்டு, ஆனால் எதுவும் இப்படிக் கோணிக் குழைந்து முறிந்து உப்பைத் தேடிப் போவதில்லை. அவள் வரைந்த எந்த நோய்ப்படத்திலும் இது இல்லை. அவள் கை செய்வதற்கு நேர் எதிரான ஒன்றை, அவளைக் கேட்காமல், அவள் தலையிலிருந்தே விழுந்த தண்ணீர் செய்துகொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது கோபமில்லை, பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது யாரோ பின்னாலிருந்து சிரிப்பு மூட்டினால் வருமே, அடக்க அடக்க விலாவில் குறுகுறுக்கிற அது.

தூரிகையைக் கீழே வைத்தாள். வைத்த கையாலேயே, வேறொருத்தி அவிழ்ப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தபடி, தலைத்துண்டை அவிழ்த்தாள். கூந்தல் தோளில் இறங்கிற்று. ஒரு சொட்டு விழுந்தால் விபத்து. இன்னும் விழுந்தால்? வலப்பக்கக் கற்றையை முன்னே இழுத்து, மஞ்சளின் மேலே பிடித்து, துணி பிழிவதைப்போல ஒரு திருகு திருகினாள். மூன்று சொட்டு. ஒன்று மினுக்கம் அடங்கிய இடத்தில் விழுந்து கரை கட்டியது, ஒன்று ஈரத்தில் விழுந்து கரைந்தே போயிற்று, மூன்றாவது எண்ணெய் கலந்ததோ என்னவோ, வண்ணம் அதை ஏற்றுக்கொள்ளாமல் விலகி ஒரு வெள்ளைக் கண்ணை விட்டுவைத்தது. ஏன் அப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை மனத்துக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், வெல்லக்கட்டிபோல இருந்தது. கூடத்திலிருந்து தங்கவேலு தலையை நீட்டி, "வெள்ளிக்கெழமையும் அதுவுமா தலைய விரிச்சுப்போட்டு என்ன பண்றே?" என்றார். "படம் போடறேன்" என்றாள். "தலமுடியிலயா?" "ஆமா." அவர் சிறிது யோசித்து, அப்படியானால் தமக்கு அந்த வித்தை கைகூடாது என்று வழுக்கையைத் தடவிக்கொண்டு, மறுபடி செய்தித்தாளுக்குள் போனார்.

பதினொன்றரைக்கு வருவதாகச் சொன்ன ரெஜினா பதினொன்று நாற்பதுக்கு வந்தாள். அதற்குள் தாள் காய்ந்திருந்தது, உப்பை அம்சவேணி விரலால் உதிர்த்துவிட்டிருந்தாள், பசைநாடாவை வெட்டித் தாளைப் பலகையிலிருந்து பிரித்து வைத்திருந்தாள். ரெஜினா செருப்பைக் கழற்றிக்கொண்டே கதவருகே இருந்த பழுப்புப் பொட்டலத்தைத் தூக்கினாள். "வெண்டைதானேக்கா? எனக்கு அப்பவே தெரியும்."

"அது கெடக்கட்டும். மேசையில இருக்கறதை எடு."

ரெஜினா மேசைக்கு வந்தாள். குனிந்தாள், ஒரு பக்கம் போனாள், மறுபக்கம் வந்தாள். அம்சவேணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வெங்காய முறத்தை எடுத்து உள்ளே வைக்கப் போய், வைத்துவிட்டு, உடனே திரும்பி வந்தாள்.

"என்னக்கா இது?"

"தெரியாது."

"இந்த ஓரம் எப்படி வந்துச்சு?"

"அதுவும் முழுசாத் தெரியாது."

ரெஜினா வெண்டை இலையைச் சுவரில் திரும்பச் சாய்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு சீட்டும் பென்சிலும் எடுத்தாள். பின்பக்கம் பெயர் எழுத வேண்டும், மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட வேண்டும், இல்லாவிட்டால் மாட்டுகிறவர்கள் குழம்பிவிடுவார்கள். "எந்தப் பக்கங்கக்கா மேல?"

அம்சவேணி தாளில் காம்பைத் தேடினாள். இதுவரை அவள் வரைந்த எல்லாவற்றுக்கும் காம்பு கீழே, நுனி மேலே. வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து. இதற்குக் காம்பு எங்கே. அதற்குள் ரெஜினாவே நீலம்தான் மேலே வரவேண்டும், அப்போதுதான் மஞ்சள் அதைத் தாங்கும் என்றாள். எப்போது எழுந்து வந்தாரோ, தங்கவேலு பின்னாலிருந்து, "அதெப்படி, நீலம் எறங்கி வருதும்மா. எறங்கறது கீழதான் இருக்கோணும். இப்படித் திருப்பு" என்று தாளைத் திருப்பினார். "திருப்பினா அந்த வெள்ளைக் கண்ணு தலைகீழாப் போயிருமே அண்ணா." "கண்ணா? அது கண்ணுன்னு ஆரு சொன்னது?" "பின்ன என்னங்கறீங்க?" "என்னமோ. ஆனா கண்ணு இல்லே." இருவரும் தாளை ஆளுக்கு ஒரு ஓரம் பிடித்துக்கொண்டு அப்படியும் இப்படியும் சுழற்றினார்கள், இருவருமே ஒரு பயிரின் பெயரையும் எடுக்கவில்லை, ஒரு மருந்தும் சொல்லவில்லை. அம்சவேணி அந்தச் சண்டையை, அவசரமே இல்லாமல், கச்சேரி கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு பென்சிலை வாங்கினாள். தாளைக் குப்புறப் போட்டு, வெறும் வெள்ளையில், முன்பக்கம் எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பார்க்காமல், ஓர் அம்புக்குறி இழுத்து, அதன் கீழே அம்சவேணி தங்கவேலு என்று நிதானமாகக் கையெழுத்திட்டாள். திருப்பிப் பார்த்தபோது மஞ்சள் ஒரு பக்கமாகவும் நீலம் மறுபக்கமாகவும் படுத்திருந்தன. ரெஜினா சொன்னதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். மறுக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவள் சன்னலோரம் போய் ஈரக்கூந்தலை வெயிலில் விரித்துக்கொண்டு, இனி பத்துத் தாளாக வாங்கவேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கினாள்.